பதினோரு காலண்டர் தாள்கள்

ஒரு காரியம் வரவரக் குறைந்துகொண்டே போகிறது என்பதை இங்கிலீஷில் நானூறு விதமாகச் சொல்லத் தெரிந்த ஒருத்தி எங்கள் வீட்டு மாடியறையில் குடியிருக்கிறாள். நானூறு என்பது கொஞ்சம் கூடுதல்தான், ஒத்துக்கொள்கிறேன். உட்கார்ந்து எண்ணியவர்கள் யாரும் இல்லை என்ற தைரியத்தில் எழுதிவிட்டேன். ஆனால் நானும் இங்கிலீஷ் இலக்கியம் படித்துக் கட்டுரைப் போட்டியில் கோப்பை வாங்கியவள்தான். ஒரு பகல் முழுக்க மோட்டுவளையைப் பார்த்து யோசித்தும் எனக்கு ஏழெட்டுக்கு மேல் தேறவில்லை. அவளுக்கோ பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே இருபது வரும்.

அவள் என் நாத்தனார், என் கணவருக்கு ஒரே தங்கை. பெரிய ஆஸ்பத்திரியின் நரம்பியல் பிரிவில் மொழிபெயர்ப்பாளர். டாக்டருக்குத் தமிழ் தெரியாது, நோயாளிக்கு இங்கிலீஷ் தெரியாது, நடுவில் இவள். பிரிவு முழுக்க அவளுக்கு ஏணி என்று பெயர். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், ஏணியம்மாவைப் போய்ப் பார் என்றதும் ஒட்டடைக்கம்பு மாதிரி ஓர் உருவத்தை எதிர்பார்த்து அண்ணாந்து தேடுவார்கள். இவள் அவர்கள் முழங்கைக்குப் பக்கத்திலிருந்து, "இங்க இருக்கேன்" என்பாள். பெயர் எப்படி வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த வேலைக்கு ஒரு விநோதமான விதி உண்டு. நோயாளி பேசுவதை, "இவர் இப்படிச் சொல்கிறார்" என்று சொல்லக் கூடாது. "நான்" என்றேதான் சொல்ல வேண்டும். அவருக்குத் தலை சுற்றினால் இவளும் எனக்குத் தலை சுற்றுகிறது என்பாள். இந்தக் கணக்கில், கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட என் நாத்தனார், நாலாம் எண் அறையின் மூலை நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆறு பிள்ளை பெற்று இடுப்பு விட்டுப்போயிருக்கிறாள், மருமகளோடு சண்டை போட்டுத் தூக்கம் கெட்டிருக்கிறாள், மீசை மழிக்கும்போது இடது கன்னம் மரத்துப்போகிறது என்று முறையிட்டிருக்கிறாள்.

இன்னொரு விதி, வாயில் வந்ததை மட்டும் சொல்ல வேண்டும். கூட்டவோ குறைக்கவோ கூடாது. தன் கருத்து ஒன்றைச் சொல்லியே தீர வேண்டும் என்றால், கையைத் தூக்கி, "இப்போது மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன்" என்று அறிவித்துவிட்டுத்தான் பேசலாம். பத்தொன்பது வருஷத்தில் அவள் அப்படிக் கை தூக்கியது மூன்று தடவை. நான் சொல்லவந்தது நான்காவது தடவையைப் பற்றி.

அதற்கு முன்னால் அவளுடைய இங்கிலீஷைப் பற்றி. அது ஆஸ்பத்திரியில் விளைந்தது இல்லை, மழையில் விளைந்தது. இந்த வேலைக்கு வருமுன் பன்னிரண்டு வருஷம் வானிலை அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தாள். காலையில் ஓர் அறிக்கை, மாலையில் ஓர் அறிக்கை. மழை வருகிறது என்று சொல்ல அங்கே நாலைந்து வார்த்தைதான் வைத்திருந்தார்களாம். மழை விடப்போகிறது என்பதற்கு ஒரு பெட்டி நிறைய. தூறல் அபூர்வமாகும், சிதறலாகும், விட்டுவிட்டுப் பெய்யும், தளரும், தேயும், அடங்கி ஓயும் என்று வகை வகையாக அடிப்பாள். "வர்றப்போ திடுதிப்புனு வந்துடும் அண்ணி. போறப்போதான் வாசல் வரைக்கும் போய்ப் போய்த் திரும்பி வரும்" என்பாள். மழையைச் சொல்கிறாளா, எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளைச் சொல்கிறாளா என்று கேட்டால் சிரித்துவிட்டு மாடிக்குப் போய்விடுவாள். பிறகு ஒரு நாள் அறிக்கையை இயந்திரமே எழுத ஆரம்பித்தது. இவள் தன் வார்த்தைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள்.

வந்த முதல் வருஷமே ஒரு வம்பு. ஒரு பெரியவருக்கு வலிப்பு. அடிக்கடி வருமா என்று டாக்டர் கேட்டார். பெரியவர் அலட்சியமாகக் கையை வீசி, "எங்க வருது, ஆடிக்கொரு தரம், அமாவாசைக்கொரு தரம்" என்றார். வாயில் வந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது விதியாயிற்றே. இவள் அப்படியே சொன்னாள்: ஆடி மாதத்தில் ஒன்று, ஒவ்வோர் அமாவாசைக்கும் ஒன்று. டாக்டர் பொறுப்பான மனிதர். விரல்விட்டு எண்ணி, வருஷத்துக்குப் பதின்மூன்று என்று எழுதிக்கொண்டார். எழுதியதோடு விட்டாரா? நிலவு மறையும் நாளில் மட்டும் வலிப்பு வரும் அதிசய நோயாளி என்று மேலும் இரண்டு டாக்டர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அடுத்த அமாவாசைக்குப் பெரியவரைக் கட்டிலில் படுக்கவைத்துத் தலையெல்லாம் வயரை ஒட்டிச் சுற்றி நின்று காத்திருந்தார்கள். அவர் நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கி எழுந்து, பசிக்கிறது என்றார். விசாரித்ததில், அவருக்கு ஆயுசில் வந்ததே நாலு தடவை என்று தெரிந்தது.

இவளுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது. இன்னொரு முறை இப்படி நடந்தால் வேலை போகும் என்று அதன் கடைசி வரி. இவள் சளைக்காமல், போன வாரம் இதே டாக்டர் ஒரு பெண்ணிடம், எப்போதோ ஒரு தடவையா என்பதற்கு இங்கிலீஷ் வழக்கப்படி நீல நிலவுக்கு ஒரு தடவையா என்று கேட்டார், அந்தப் பெண் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள், அதற்கு யாருக்கும் எச்சரிக்கை போகவில்லையே என்று பதில் எழுதிப்போட்டாள். "நிலா மேல பழியைப் போடறதுல ரெண்டு பாஷையும் ஒண்ணுதான் அண்ணி" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

அந்த வாரமே பழைய காலண்டர் அட்டை ஒன்றின் பின்பக்கம் ஓர் ஏணி வரைந்தாள். ஒன்பது படி. உச்சியில் ஆல்வேஸ், அடியில் நெவர். இடையில் யூஷுவலி, ஆஃப்டன், சம்டைம்ஸ், அகேஷனலி, செல்டம், ரேர்லி, ஹார்ட்லி எவர் என்று ஒவ்வொரு படியிலும் ஒரு வார்த்தை. இடப்பக்கம் தமிழ்: எப்பவும், பெரும்பாலும், அடிக்கடி, அப்பப்ப, எப்பவாவது, அத்தி பூத்தாப்ல, இல்லவே இல்ல. ஒன்பது படிக்கு ஏழுதான் வந்தது. அதனால் என்ன, நம் ஆட்கள் எந்தப் படியிலும் நிற்க மாட்டார்கள், வழுக்கிக்கொண்டேதான் பேசுவார்கள் என்பது அவள் கட்சி. நோயாளி வழுக்க ஆரம்பித்தால் அட்டையைக் காட்டிப் படியைத் தொடச் சொல்வாள். ஏணி என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

ஏணிக்கு வலப்பக்கம், மேலிருந்து கீழே ஓர் அம்புக்குறி. அதன் ஓரமாக வேறு ஒரு வரிசை: லெஸ் அண்ட் லெஸ், டேப்பரிங் ஆஃப், ஈஸிங், டையிங் அவுட், இன்னும் என்னென்னவோ. இது எதற்கு என்று கேட்டேன். படியில் இருப்பவை நிற்கிற வார்த்தைகள், அம்பின் ஓரத்தில் இருப்பவை நடக்கிற வார்த்தைகள் என்றாள். ஒருவன் மூன்றாம் படியில் நிற்கிறான் என்பது ஒரு சமாச்சாரம். எட்டாம் படியிலிருந்து இறங்கி இறங்கி இப்போதுதான் மூன்றுக்கு வந்திருக்கிறான் என்பது வேறு சமாச்சாரம். இரண்டு பேரையும் ஒரே பெயரால் கூப்பிட்டால் இறங்கி வந்தவனுக்கு அநியாயம் இல்லையா என்று கேட்டாள். எனக்கு அன்றைக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

அந்த வரிசையில் அவளுக்குச் செல்லப்பிள்ளை ஒன்று உண்டு. ஃப்யூ அண்ட் ஃபார் பிட்வீன், அதாவது கொஞ்சமே, அதுவும் நிறைய இடைவெளி விட்டு. மற்றதெல்லாம் எத்தனை தடவை என்பதை மட்டும் பார்க்கும், இது ஒன்றுதான் நடுவில் விட்ட இடத்தையும் பார்க்கும் என்பாள். எத்தனை என்பது நோயாளியின் பயம், எவ்வளவு தூரம் என்பது அவருடைய நிம்மதி. அதனால் அவள் எந்த நோயாளியிடமும், "கடைசியா எப்ப? அதுக்கு முன்னாடி எப்ப? அதுக்கும் முன்னாடி?" என்று பின்னோக்கி நடந்துகொண்டே போவாள். தேதி கிடைக்காமல் எந்த வார்த்தையையும் கையில் எடுக்க மாட்டாள்.

இனி கிரேன்காரர். இந்தக் கதையை எனக்கு நாத்தனார் சொல்லவில்லை. அந்த எச்சரிக்கைக்கு அப்புறம் அறையில் நடந்ததை அறைக்கு வெளியே சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது, நானும் எத்தனையோ முறை தூண்டில் போட்டுப் பார்த்திருக்கிறேன். எனக்குச் சொன்னது கிரேன்காரரின் மனைவி. எங்கள் தெருமுனைத் தையல் கடையில் வேலை செய்கிறாள். வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே கதை சொல்லும் சாமர்த்தியம் உள்ளவள். எல்லாம் முடிந்து வெகு நாள் கழித்து, என் பாவாடைக்கு மடிப்பு அடித்தபடி சொன்னாள்.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுநர். தரையிலிருந்து முப்பத்திரண்டு மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டு. ஏறுவதற்கே கால் மணி நேரம் ஆகும், அதனால் காலையில் சாப்பாட்டு டப்பாவோடும் ஃபிளாஸ்க்கோடும் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். இருபத்திரண்டு வருஷமாக அங்கேதான் குடித்தனம் என்று மனைவி கேலி செய்வாள். கீழே இருப்பவர்கள் அவரைப் பருந்து என்பார்கள். பருந்துக்கு நேர் கீழே நின்று சரக்குப் பெட்டிகளில் கொக்கி மாட்டுகிறவன் அவருடைய மைத்துனன், அதாவது மனைவியின் சொந்தத் தம்பி.

ஒரு நாள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர், கையில் எடுத்த கவளத்தோடு அப்படியே நின்றுபோனார். கண் திறந்திருக்கிறது, ஆள் இல்லை. உதடு மட்டும் சப்புக்கொட்டுகிறது. ஒரு நிமிஷம் கழித்து, விட்ட இடத்திலிருந்து, "உப்பு கொஞ்சம் கம்மி" என்றார். என்ன ஆச்சு என்று மனைவி அலறியதற்கு, உப்புக்குப் போய் இப்படிக் கத்துகிறாயே என்று கோபித்துக்கொண்டார். கை கால் வெட்டாத இந்த வகை வலிப்பின் விசித்திரமே அதுதான். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் சொன்னால்தான் உண்டு.

துறைமுகத்தில் அவரைக் கீழே இறக்கி வாசலில் உட்காரவைத்தார்கள். உள்ளே வருகிற லாரிகளின் எண்ணை எழுத வேண்டும். பருந்து அடைகாக்க உக்காந்திருக்கு என்று போகிறவர் வருகிறவரெல்லாம் சீண்டினார்கள். மாத்திரை ஆரம்பித்து ஏழு மாதம் ஓடியது. கூண்டுக்கு வேறு ஆளை நிரந்தரமாகப் போடப்போகிறோம், அதற்குள் ஆஸ்பத்திரியில் இந்தப் படிவத்தை நிரப்பி வாங்கி வா என்று ஒரு காகிதத்தைக் கொடுத்தார்கள். கேள்வி ஒன்றுதான், நினைவு தப்புவது எத்தனை அடிக்கடி? ஐந்து கட்டம். ஆல்வேஸ், ஆஃப்டன், சம்டைம்ஸ், ரேர்லி, நெவர். கடைசிக் கட்டத்தில் குறி விழுந்தால் மறுநாளே ஏறலாம். வேறு எதில் விழுந்தாலும் கூண்டு போனது போனதுதான்.

அன்றைக்கு நாலாம் எண் அறைக்கு வெளியே பெஞ்சில் அவர் காத்திருந்தார். புதுச் சட்டை, மழமழவென்று சவரம். நாத்தனாரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"மேடம், அந்தக் கடைசி வார்த்தை இருக்கே, நெவர். அதை மட்டும் சொல்லிடுங்க. எனக்கு இங்கிலீஷ்ல அந்த ஒண்ணு போதும்."

"நீங்க உள்ள என்ன சொல்றீங்களோ அதைத்தான் நான் சொல்லுவேன் சார்."

"நான் பொய் சொல்லச் சொல்லலை. நிஜமாவே இப்ப வர்றதில்ல. அஞ்சாறு மாசம் ஆச்சு. வேணும்னா இவளைக் கேளுங்க."

இவள், அதாவது மனைவி, பக்கத்தில் உட்கார்ந்து தன் கைப்பையின் பிடியை முறுக்கிக்கொண்டிருந்தாள். நாத்தனார் அவளைப் பார்த்தாள். அவள் சுவரில் இருந்த அறிவிப்பைப் படிக்கிற மாதிரித் தலையைத் திருப்பிக்கொண்டாள். இங்கிலீஷ் தெரியாதவள் இங்கிலீஷ் அறிவிப்பை அவ்வளவு கவனமாகப் படிப்பதை ஏணி கவனிக்காமல் இருப்பாளா?

உள்ளே மூன்று நாற்காலி. டாக்டருக்கு எதிரே கிரேன்காரர், சற்றுப் பின்தள்ளி மூலையில் நாத்தனார், கதவோரம் மனைவி. டாக்டர் புதியவர், வாலிபர். வெளியே இன்னும் பதினேழு பேர் காத்திருந்தார்கள். நிமிர்ந்து பார்க்காமலே, எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது என்றார். கிரேன்காரர் நெஞ்சை நிமிர்த்தி, "இப்ப வர்றதே இல்ல சார்" என்றார்.

நாத்தனார் எப்போதும் உடனே சொல்லிவிடுகிறவள். அன்று ஒரு மூச்சு விட்டுவிட்டுத்தான் சொன்னாளாம். "எனக்கு இப்போது வருவதே இல்லை." நான் என்று சொல்ல வேண்டும் என்பது விதி. கடைசியாக எப்போது என்று டாக்டர் கேட்கவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றி, படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நாத்தனார் கையைத் தூக்கினாள்.

"இப்போது மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன்" என்றாள். முதலில் இங்கிலீஷில் டாக்டரிடம், பிறகு தமிழில் இவர்களிடம். "நோயாளிக்குத் தன் நோய் வருவது தெரியாது. தெரிந்தவர் இந்த அறையில் இன்னொருவர் இருக்கிறார். மூன்றாவது நாற்காலியிடம் இதுவரை யாரும் எதுவும் கேட்கவில்லை."

டாக்டரின் முகம் சிவந்தது. உங்கள் வேலை மொழிபெயர்ப்பது என்றார். ஆமாம் என்று ஒப்புக்கொண்டு, அதையும் தமிழில் சொன்னாள், "என் வேலை மொழிபெயர்ப்பதுன்னு டாக்டர் சொல்றாரு." எச்சரிக்கைக் கடிதத்தின் கடைசி வரி அவளுக்கு மறந்திருக்காது. ஆனால் தூக்கிய கையை இறக்கவில்லை. டாக்டர் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார். பிறகு நாற்காலியைத் திருப்பி, முதல் முறையாகக் கதவோரம் பார்த்து, நீங்கள் ஏதாவது பார்த்தீர்களா அம்மா என்று கேட்டார்.

மனைவி எழுந்து வந்தாள். கைப்பையைத் திறந்து, ரப்பர் வளையம் போட்ட ஒரு சின்னக் காகிதக் கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். தினம் ஒன்றாகக் கிழிக்கிற காலண்டரின் தாள்கள். அவருக்கு வந்த நாளின் தாளை மட்டும் குப்பையில் போடாமல் எடுத்து வைத்திருக்கிறாள். காலண்டரில் வட்டம் போட்டால் அவர் கண்ணில் படும், நோட்டில் எழுதினால் யாராவது புரட்டுவார்கள். கிழித்த தாளை யார் தேடப்போகிறார்கள்? மொத்தம் பதினொன்று. ஒருமுறை அவளுக்கே சந்தேகம் வந்து, தாளின் பின்பக்கம் நேரத்தையும் பென்சிலால் எழுத ஆரம்பித்திருந்தாள்.

"பதினொண்ணு பார்த்தேன் டாக்டர். முதல்ல சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். சொன்ன அன்னிக்கெல்லாம் இவர் ரெண்டு நாள் சாப்பிட மாட்டாரு. அஞ்சாவதுக்கு அப்புறம் சொல்றதை விட்டுட்டேன்."

நாத்தனார் அதை நான் என்றே சொன்னாள். ஒரு நிமிஷத்துக்கு முன்னால், எனக்கு வருவதே இல்லை என்றவள், இப்போது, நான் பதினொன்று பார்த்தேன் என்கிறாள். யார் யாருடைய நான் என்று டாக்டருக்கே ஒரு கணம் தலை சுற்றியிருக்கும். கிரேன்காரர் மட்டும் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

டாக்டர் தாள்களை மேஜைமேல் வரிசையாகப் பரப்பினார். முதல் இரண்டுக்கு நடுவே மூன்று நாள். பிறகு நாலு, நாலு, ஆறு. அப்புறம் ஒன்பது, பன்னிரண்டு, பதினேழு என்று நீண்டுகொண்டே போனது. கடைசி இரண்டுக்கு நடுவே நாற்பது நாள். அதற்கப்புறம் அன்றைய தேதி வரைக்கும் ஐம்பத்திரண்டு நாள் சுத்தம்.

மனைவி தாள்களின் மேல் விரலை ஓட்டினாள். "ஆரம்பத்துல பக்கத்துப் பக்கத்துல வந்துச்சு. இப்ப தூரம் தூரமா போயிடுச்சு. இன்னும் தூரமா போகும்னு எனக்குத் தோணுது. ஆனா வர்றதே இல்லன்னு நீங்க எழுதிட்டா, இவர் நாளைக்கே மேல ஏறிடுவாரு. கீழ என் தம்பி நிக்கிறான்."

நாத்தனார் இதை இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தாள். லெஸ் அண்ட் லெஸ் என்று ஆரம்பித்தவள் நிறுத்தி, திருத்திக்கொள்கிறேன் என்று சொல்லி, ஃப்யூ அண்ட் ஃபார் பிட்வீன் என்றாள். இன்னும் தூரமாகப் போகும் என்று எனக்குத் தோன்றுகிறது என்றாள். அந்த வார்த்தைக்காகவே அத்தனை வருஷம் காத்திருந்தவள் மாதிரி அவள் குரல் இருந்தது என்று கிரேன்காரர் மனைவி என்னிடம் சொன்னாள். காதில் விழுந்தபடியே வார்த்தையைச் சொல்லிக்காட்டி, அர்த்தம் புரியவில்லை, அந்தக் குரல் புரிந்தது என்றாள்.

டாக்டர் படிவத்தைப் பார்த்தார். ரேர்லி என்ற கட்டத்தின்மேல் பேனாவைக் கொண்டுபோய், இதில் போட்டுவிடலாமா என்று கேட்டார். நாத்தனார் அதைத் தமிழில் கேட்டு, கூடவே ஏணி அட்டையை எடுத்து அந்தப் படியையும் காட்டினாள். மனைவி படியைப் பார்த்தாள், அம்பைப் பார்த்தாள்.

"எந்தக் கட்டத்துல போட்டாலும் தப்புத்தான் டாக்டர். அங்க உக்காந்திருக்கிற மாதிரி ஆயிடும். இவர் இறங்கிக்கிட்டு இருக்காரு."

எந்தக் கட்டத்திலும் குறி விழவில்லை. டாக்டர் படிவத்தைத் திருப்பிப்போட்டு, வெறும் பின்பக்கத்தில் பதினோரு தேதியையும் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் நடுவே எத்தனை நாள் என்று எழுதினார். கீழே இரண்டு வரி சேர்த்தார். இன்று கிரேனில் ஏற்றக் கூடாது. கடைசித் தாளிலிருந்து ஒரு வருஷம் சுத்தமாகப் போனால் ஏற்றலாம், அதுவரை இடத்தை நிரப்ப வேண்டாம் என்று ஆஸ்பத்திரி கேட்டுக்கொள்கிறது. வெளியே காத்திருந்த பதினேழு பேரும் அன்று முக்கால் மணி நேரம் கூடுதலாகக் காத்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம் நாத்தனார் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, ஈரத்துணியால் அந்த ஏணி அட்டையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். வேலை போனாலும் போகும் அண்ணி என்றாள். ஏன் என்று கேட்டேன், அட்டையைத் திருப்பி மறுபக்கத்தைத் துடைத்தாள். காப்பி கொடுத்தேன், குடித்தாள். வேலை போகவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாவது நாற்காலியிடமும் கேட்க வேண்டும் என்று டாக்டரே அறைக் கதவுக்குப் பின்னால் சின்னச் சீட்டு ஒன்று ஒட்டிவைத்தார்.

வீடு திரும்பும் பஸ்ஸில், இறங்குவதற்கு இரண்டு நிறுத்தம் இருக்கும்போது கிரேன்காரர் கையை நீட்டினாராம். மனைவி தாள்கட்டைக் கொடுத்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தார், பின்பக்கம் எழுதியிருந்த நேரத்தையும் படித்தார்.

"இத்தனையும் நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"தனியாவா?"

இவள் தலையசைத்தாள். அவர் ரப்பர் வளையத்தைப் போட்டு, கட்டைத் தன் புதுச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு தாள் கிழிப்பது அவர் வேலையாயிற்று. வந்தால் சொல் என்றார். சாப்பிட மாட்டீர்களே என்றாள். சாப்பிடுகிறேன் என்றார்.

துறைமுகத்தில் முணுமுணுத்தார்கள். பின்பக்கம் எழுதின படிவத்தை எந்தக் கோப்பில் வைப்பது என்று ஒரு மாதம் கேட்டார்கள். ஆனால் இடத்தை வைத்திருந்தார்கள். அந்தச் சமயத்தில் கிரேன்காரர் வாரா வாரம் ரத்தம் சோதிக்க ஆஸ்பத்திரிக்கு வருவார். வந்தால் நேரே நாலாம் எண் அறை வாசலுக்குப் போய், "மேடம், இந்த வாரம் எந்தப் படி?" என்பார். அவள் அட்டையை எடுத்து அம்பைக் காட்டி, இன்னும் கொஞ்சம் கீழே வந்திருப்பதாகச் சொல்வாள். பதினோராவது தாளிலிருந்து எழுபத்தோராம் நாள் பன்னிரண்டாவது தாள் விழுந்தது. அதை அவரே கொண்டுவந்து நீட்டினார். ஒரு வருஷக் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். நாத்தனார் தாளை வாங்கிப் பார்த்து, முன்பு நாற்பது, இப்போது எழுபத்தொன்று, தூரம் கூடித்தான் இருக்கிறது என்று மட்டும் சொன்னாளாம். மனைவி வீட்டில் சாப்பாடு போட்டு எதிரே உட்கார்ந்தாள். அவர் சாப்பிட்டார்.

பதின்மூன்றாவது தாள் இல்லை.

ஒரு வருஷமும் ஒன்பது நாளும் கழித்து ஒரு காலையில் அவர் சாப்பாட்டு டப்பாவும் ஃபிளாஸ்க்குமாக ஏறினார். பழக்கம் விட்டுப்போனதால் அரை மணி நேரம் ஆயிற்று. கீழே மைத்துனன் கொக்கியைப் பிடித்தபடி, "மச்சான், மேல போய்ச் சேர்ந்தீங்களா, இல்ல நடுவுல குடித்தனம் வெச்சுட்டீங்களா?" என்று கத்தினான். மேலேயிருந்து முதல் பெட்டி மெதுவாக இறங்கி, ஒரு விரல் பிசகாமல் லாரியின்மேல் உட்கார்ந்தது. அந்தக் கிரேன் அன்று இறக்கிய பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் எங்கள் வீட்டு மொட்டை மாடியைத் தாண்டி மேகத்தில் இடிக்கும்.

அந்த நன்றியை அவர் மறக்கவே இல்லை. இன்றைக்கும் வாரம் தவறாமல் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்று, மேடம் இருக்காங்களா என்று கேட்டு, ஏணியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார்.

இதுவரைக்கும் எழுதி வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தோளுக்குப் பின்னால் நின்று நாத்தனார் படித்திருக்கிறாள்.

"வாரம் தவறாமலா? அவர் கடைசியா வந்து பதினோரு மாசம் ஆச்சு அண்ணி. அதுக்கும் அஞ்சு மாசம் முன்னாடி ஒரு தடவை. அதுக்கும் ரெண்டு மாசம் முன்னாடி ஒரு தடவை. அப்புறம் ஆரம்பத்துல எழுதின அந்த நானூறு விதம், எண்ணிப் பார்த்தா முப்பத்தொண்ணுதான். ரெண்டையும் திருத்திடுங்க."